நூலக மின்னூலா, அச்சு நூலா, சொந்தப் பிரதியா?

ஒரு கோப்பு எப்படி "இரவலில் போயிருக்கும்"? பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் அந்தச் செய்தியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த கேள்வி இதுதான். மணி இரவு 11.30. மறுநாள் காலை வகுப்பில் ஒரு நூலின் 7ஆம் இயலைப் பற்றி நான் பேச வேண்டும். கேட்டலாகில் நூலின் பெயருக்குக் கீழே பச்சைப் புள்ளியோடு "ஆன்லைனில் கிடைக்கும்" என்று போட்டிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அதுவரை திறக்காமலே இருந்தேன். லாகின் செய்து உள்ளே போனால், "இந்த நூலை இப்போது வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார், சற்று நேரம் கழித்து முயலவும்" என்று வந்தது. அரை மணி கழித்தும் அதே செய்தி. ஒரு மணிக்கும் அதே. அந்த வேறொருவர் என் வகுப்பில்தான் இருக்கிறார் என்பது காலையில் தெரிந்தது. அவரும் என்னைப் போலவே கடைசி ராத்திரிக்காரர். எனக்குப் 10 நிமிடம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, ஒரு நூல் தேவைப்பட்டால் "மின்னூலா, அச்சு நூலா" என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். நூலக மின்னூல் என்பதே ஒரே பொருளாக இருப்பதில்லை. அதே நூலைப் பிரவுசரில் படிக்கலாம், இயல் இயலாகப் பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம், முழு நூலையும் சில நாளுக்கு இரவல் எடுக்கலாம். அலமாரியில் அச்சுப் பிரதியும் இருக்கலாம். இல்லாவிட்டால் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கலாம். ஐந்து வழிக்கும் தனித்தனி வசதி, தனித்தனித் தலைவலி. எனக்கு எத்தனை பக்கம் வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடுகிறது. மீதிப் பாதி அந்த நூலுக்கு நூலகம் வாங்கியிருக்கும் லைசென்ஸில் இருக்கிறது. பலரும் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

பச்சைப் புள்ளிக்குப் பின்னால்

நாம் கடையில் நூல் வாங்கினால் நூல் நம்முடையது. நூலகம் மின்னூல் வாங்கினால் பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது ஓர் ஒப்பந்தம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கலாம் என்பது ஒரு வகை. மூன்று பேர் வரை படிக்கலாம் என்பது இன்னொன்று. எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது மூன்றாவது, விலையும் அதற்கேற்ப ஏறும். ஓர் ஆண்டுக்கு இத்தனை முறை இரவல் என்று கணக்கு வைத்துத் தருவதும் உண்டு. கணக்கு தீர்ந்தால் ஆண்டு திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டது முதல் வகையில்.

இந்த விவரம் ரகசியமாக இருப்பதில்லை. புரோக்வெஸ்ட்டின் ஈபுக் சென்ட்ரல், எப்ஸ்கோ போன்ற, பல பதிப்பகங்களின் நூல்களை ஒரே இடத்தில் தரும் பொதுத் தளங்களில் நூலின் முகப்புப் பக்கத்திலேயே எத்தனை பிரதி காலியாக இருக்கிறது, எத்தனை பக்கம் அச்சிடலாம், எத்தனை பக்கம் நகலெடுக்கலாம், முழுதாக இறக்க முடியுமா என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். 10 நொடி வேலை. நாம்தான் "ஆன்லைனில் படி" பட்டனைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை.

இந்த வகைத் தளங்களில் இன்னொரு விஷயம், யாரும் சொல்லித் தராதது. படித்து முடித்துவிட்டு டேபை மூடினால் நூல் உடனே விடுபடுவதில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று தளத்துக்குப் புரியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அடுத்தவருக்குக் கதவு மூடியேதான் இருக்கும். நூலை மூடவோ வெளியேறவோ தனியாகப் பட்டன் இருந்தால் அதை அழுத்திவிட்டுப் போவது, வாசித்த நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டுப் போவது மாதிரி ஒரு சின்ன மரியாதை.

இதே நூல் பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் இருந்தால் கதையே வேறு. ஸ்பிரிங்கர், கேம்பிரிட்ஜ் கோர் போன்ற பதிப்பகத் தளங்களிலும், பல அச்சகங்களின் நூல்களை அதே பாணியில் தரும் ப்ராஜெக்ட் மியூஸ், ஜேஸ்டோர் போன்ற இடங்களிலும் நூலகம் பெற்றிருக்கும் நூல்களைப் பெரும்பாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறக்கலாம். ஒவ்வொரு இயலும் தனிப் பிடிஎஃப். இறக்கிவிட்டால் அது உங்கள் கணினியில் சாதாரணக் கோப்பாக இருக்கும். பூட்டு கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. சில நூல்களுக்குக் கேட்டலாகில் இரண்டு இணைப்புகள் இருக்கும், ஒன்று பொதுத் தளத்துக்கு, ஒன்று பதிப்பகத் தளத்துக்கு. இரண்டும் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பேன். மேலே இருக்கும் இணைப்பு என்பதற்காக முதலாவதைச் சொடுக்கிவிட்டு, "பக்க வரம்பு முடிந்துவிட்டது" என்று புலம்பிய நண்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நூலகத்தின் பட்டியலில் இன்று இருப்பது நாளையும் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. நிரந்தரமாக வாங்கிய நூல்கள் தங்கும். சந்தா கட்டிப் பெறும் தொகுப்பில் இருப்பவை வரும், போகும். 2022இல் புதிய கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் வைலி பதிப்பகம் 1,300க்கும் மேற்பட்ட நூல்களைப் புரோக்வெஸ்ட்டின் சந்தாத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. அவற்றில் பல வகுப்புப் பாடநூல்கள். கூச்சல் எழுந்த பிறகு சில மாதங்களுக்கு மட்டும் திரும்ப வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் புரோக்வெஸ்ட்டின் தாய் நிறுவனமான கிளாரிவேட், மின்னூல்களை ஒருமுறை விலைக்கு நிரந்தரமாக விற்பதையே நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. நூலகர்கள் கடுமையாக எதிர்த்ததில் காலக்கெடுவைத் தள்ளிவைத்தார்கள். ஆகவே, ஆய்வேட்டுக்கு மூன்று வருடம் ஒரு நூலையே நம்பியிருக்கப் போகிறீர்கள் என்றால், அது வாங்கப்பட்டதா, சந்தாவில் வந்ததா என்று நூலகரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அசட்டுக் கேள்வி என்று எந்த நூலகரும் நினைக்க மாட்டார். எனக்குத் தெரிந்த நூலகர் ஒருவர், "இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்" என்றார்.

பிரவுசரா, இயல் பிடிஎஃபா, முழு இரவலா?

பிரவுசரில் படிப்பதற்கு ஓர் இடம் உண்டு. இந்த நூல் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதபோது அதைவிட வேகமான வழி கிடையாது. உள்ளடக்கத்தைப் பார்த்து, முன்னுரையில் நாலு பக்கம் புரட்டி, தேடல் பெட்டியில் என் சொல்லைப் போட்டுப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம். மாலைக்குள் 20 நூலை இப்படிச் சலித்துவிட முடியும். அலமாரிகளுக்கு நடுவே நடந்திருந்தால் ஐந்தாறு நூல் பார்த்திருப்பேன்.

ஆனால் 40 பக்க இயலை அதிலேயே படித்து முடிப்பது வேறு விஷயம். பக்கம் திருப்பினால் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். நெட் தொங்கினால் பக்கமும் தொங்கும். டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் லாகின் காலாவதியாகி மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். அடிக்குறிப்புக்குப் போனால் திரும்பி வர வழி தேட வேண்டும். பிரவுசர் வாசிப்பைச் சல்லடையாகப் பயன்படுத்தினால் அருமை, சாப்பாட்டுத் தட்டாகப் பயன்படுத்தினால் எரிச்சல்.

இயல் பிடிஎஃப்தான் பெரும்பாலான வேலைக்குச் சரியான அளவு என்பது என் கருத்து. ஆய்வு நூல் எதையும் நாம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பது அரிது. வேண்டியது ஓர் இயல், சில சமயம் இரண்டு. பக்க எண்கள் அச்சுப் பதிப்பில் உள்ளபடியே இருக்கும் என்பதால் மேற்கோள் காட்டும்போது தடுமாற்றம் இல்லை. உங்கள் விருப்பமான செயலியில் அடிக்கோடு போடலாம், குறிப்பு எழுதலாம், ரயிலில் நெட் இல்லாமல் படிக்கலாம். நான் செய்யும் ஒரே கூடுதல் வேலை, இறக்கியவுடன் கோப்பின் பெயரை மாற்றுவது. தளங்கள் தரும் பெயர் எண்ணும் கோடுமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அது எந்த நூல் என்று நமக்கே தெரியாது. ஆசிரியர், ஆண்டு, இயல் எண் என்று மாற்றிவிடுகிறேன். கூடவே தலைப்புப் பக்கத்தையும் உள்ளடக்கப் பக்கத்தையும் இறக்கி வைத்துக்கொள்கிறேன். மேற்கோள் பட்டியல் எழுதும் நாளில் பதிப்பு எத்தனையாவது, தொகுத்தவர் யார் என்று தேடி அலைய வேண்டாம்.

பொதுத் தளங்களில் இந்த இயல் பிடிஎஃபுக்கு வரம்பு உண்டு. ஒரு நூலில் இத்தனை பக்கம்தான் என்று பதிப்பகம் முன்பே வரையறுத்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் யோசித்து எடுக்க வேண்டும். முன்னுரைக்கும் நன்றியுரைக்கும் வரம்பைச் செலவழித்துவிட்டு, வேண்டிய இயலின் நடுவில் நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு. வேண்டியதை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பதிப்பகத் தளங்களில் பூட்டு இல்லை என்பதற்காக ஏதாவது மென்பொருளை ஏவிவிட்டு முழுத் தொகுப்பையும் உறிஞ்ச முயல்வது பெரிய வம்பு. தானியங்கியாக இறக்குவது தெரிந்தால் பதிப்பகம் அந்தப் பயனரை மட்டும் நிறுத்துவதோடு விடாது. பல்கலைக்கழகத்தின் முழு இணைப்பையே தற்காலிகமாக வெட்டிவிடும். ஒருவர் ஆசைக்கு எல்லோரும் பட்டினி.

முழு நூலையும் இரவல் எடுப்பதுதான் குழப்பம் அதிகமான வழி. "முழு நூலை இறக்கு" என்று சொடுக்கினால் உங்களுக்கு நூல் வந்துவிடாது. பல தளங்களில் முதலில் வருவது ஏசிஎஸ்எம் என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பு, சில கிலோபைட் அளவுதான் இருக்கும். அது நூலுக்கான டோக்கன். அதை அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருளில் திறந்தால்தான் உண்மையான நூல் இறங்கும். பென்டிரைவில் அந்தக் குட்டிக் கோப்பை மட்டும் காப்பி செய்துகொண்டு ஊருக்குப் போய், அங்கே நெட் இல்லாமல் திறக்கப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன். கிளம்புவதற்கு முன்பே மென்பொருளில் ஒருமுறை திறந்து, கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. இரவல் நூலுக்கு அடோபி போடும் பூட்டை அது திறக்காது. கோபோ போன்ற மின்வாசிப்புக் கருவிகளில் முடியும். கெடு தீர்ந்த நாளில் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும், தாமதக் கட்டணம் கிடையாது என்பது ஒரு நிம்மதி. அதே சமயம், ஒருவர் மட்டும் படிக்கும் லைசென்ஸ் உள்ள நூலை நீங்கள் 7 நாளுக்கு எடுத்தால், 7 நாளும் வேறு யாராலும் அதைத் திறக்கவே முடியாது. எடுத்துவிட்டுப் படிக்காமலே வைத்திருந்தாலும் அதே கதி. அதனால் 1 நாள், 3 நாள் என்று தெரிவு இருந்தால் குறைந்ததை எடுப்பதுதான் நியாயம். படித்துவிட்டால் மென்பொருளிலேயே "நூலைத் திருப்பிக் கொடு" என்று இருக்கும், பலர் அதைப் பார்த்ததே இல்லை. நீண்ட பயணம், நெட் இல்லாத இடம், முழு நூலையும் தொடர்ச்சியாகப் படிக்கும் எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் நான் முழு இரவலுக்குப் போகிறேன்.

இரவல் எடுக்கும்போது பிடிஎஃபா ஈபப்பா என்று கேட்டால், எதில் படிக்கப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். போனில் பிடிஎஃப் படிப்பது ஜன்னல் கம்பி வழியாகத் தெருக்கூத்து பார்ப்பது போல. ஒரு வரிக்கு இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈபப் என்ற மின்னூல் வடிவம் திரைக்குத் தகுந்தபடி மடிந்து கொடுக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பான் மென்பொருளுக்கும் பொதுவாக இதுதான் ஒத்துவரும். குறை, பக்க எண். சில ஈபப் நூல்களில் அச்சுப் பக்க எண் உள்ளே பதிக்கப்பட்டிருக்கும், பலவற்றில் இருக்காது. சமன்பாடும் அட்டவணையும் நிறைந்த நூல் என்றால் யோசிக்காமல் பிடிஎஃப்.

தமிழ் நூல்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய நூல்களில் தேடல் பெட்டி பெரும்பாலும் வெறும் அலங்காரம். யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி, டாப் என்ற குறியீட்டு முறைகளின் எழுத்துருக்களில் உருவான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் வருவது ஏதோ கிறுக்கல். அங்கே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தச் சொல் நூலில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அச்சு நூலுக்கு இன்னும் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. மனத்தில் தங்க வேண்டிய வாசிப்புக்கு நான் இன்னும் அலமாரிக்குத்தான் போகிறேன். இது பழக்கத்தின் பிடிவாதம் மட்டும் இல்லை. 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2018இல் வந்தது. மொத்தம் 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகள் அவை. தகவல் சார்ந்த எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்வதில் திரையைவிடத் தாள் கொஞ்சம் முன்னால் நின்றது. நேர நெருக்கடியில் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. திரையோடு பழகப் பழக இந்த இடைவெளி குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். அந்த ஆண்டுகளில் அது குறையவில்லை, கூடியிருந்தது. இது சராசரிக் கணக்கு, உங்கள் கண்ணும் மூளையும் வேறு மாதிரி இருக்கலாம். எனக்கோ இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அச்சு நூலின் பின்னால் இருக்கும் சொல்லடைவையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. தேடல் பெட்டி நீங்கள் தட்டிய எழுத்துகளைத் தேடும். "வறட்சி" என்று போட்டால் "வறட்சி" என்று எழுதியிருக்கும் இடம் மட்டும் வரும். ஆசிரியர் அதே விஷயத்தை "மழை பொய்த்த ஆண்டுகள்" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வராது. நல்ல சொல்லடைவு மனிதர் ஒருவர் படித்துப் போட்டது. பொருளைத் தேடித் தரும். நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். சொல்லடைவை முதலில் பார்த்து ஆசிரியர் எந்தச் சொல்லில் யோசிக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்தச் சொல்லை மின்னூலில் தேடுவேன். இந்த ஒரு பழக்கம் மிச்சப்படுத்திய மணிகளுக்குக் கணக்கில்லை.

அச்சு நூலின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வேறொருவர் எடுத்துப் போயிருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நூலகம் மூடியிருக்கும் நேரத்தில் கிடைக்காது, கனம். பக்கத்து அலமாரியில் தற்செயலாகக் கண்ணில் படும் நூல் என்ற பாக்கியம் ஆன்லைனில் கிடையாது என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பல கேட்டலாக்குகளில் நூலின் அடுக்கு எண்ணைச் சொடுக்கினால் அதே வரிசையில் முன்னும் பின்னும் உள்ள நூல்கள், மின்னூல்களும் சேர்த்து, வந்து நிற்கும்.

சொந்தமாக வாங்குவது

பாடநூல் என்றால் இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. நூலகத்தில் மின்னூலாக இல்லையே என்று நூலகரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடநூல் பதிப்பகங்கள் பலவும் தங்கள் நூல்களை நூலகங்களுக்கு மின்வடிவில் விற்பதே இல்லை. 60 மாணவர்கள் தனித்தனியாக வாங்க வேண்டிய நூலை நூலகம் ஒருமுறை வாங்கிவிட்டால் அவர்கள் வியாபாரம் என்ன ஆகும்? விற்றாலும் தனிநபர் விலையைப் போலப் பல மடங்கு சொல்வார்கள். பதிப்பகம் மனம் வைக்காதவரை நூலகரால் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்குவது என்று முடிவெடுத்தால், மின்னூலா தாளா என்பதில் நான் தாள் பக்கம். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மின்னூலும் பெரும்பாலும் உரிமம்தான். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் அத்தனையும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு வந்தால் நூல் வந்த மாதிரி ஆகுமா? தாள் நூலைப் படித்து முடித்து இளையவர் ஒருவருக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கவும் செய்யலாம். சொந்தமாக மின்னூல் வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலையில்: பூட்டு இல்லாத கோப்பாகப் பதிப்பகமே விற்கும்போது.

வாங்குவதற்கு முன் இன்னொரு கதவையும் தட்டிப் பாருங்கள். டிஓஏபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் திறந்த அணுகல் நூல்களின் அடைவு 2012இலிருந்து இயங்குகிறது. பல்கலைக்கழக அச்சகங்கள் இலவசமாகவே வெளியிட்ட ஆய்வு நூல்கள் அதில் கிடைக்கும், லாகின்கூட வேண்டாம். நூலகம் விலைகொடுத்து வாங்காத ஒரு நூல் அங்கே சும்மா கிடைத்து, தலையில் அடித்துக்கொண்டது உண்டு. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இரவலாகக் கிடைத்துக்கொண்டிருந்த நூல்களை நம்பியிருந்தவர்கள்தான் பாவம். அந்த இரவலை எதிர்த்து 4 பதிப்பகங்கள் 2020இல் அமெரிக்காவில் போட்ட வழக்கில், 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆர்கைவுக்கு எதிராகவே சொல்லிவிட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இரவல் பட்டியலிலிருந்து போய்விட்டன.

வாசலிலேயே நிற்பவர்களுக்கு

இந்த ஒப்பீடெல்லாம் உள்ளே போனவர்களுக்கு. வாசலிலேயே திரும்பிவிடுபவர்கள் அதிகம். கூகுளில் நூலைத் தேடி, பதிப்பகத் தளத்துக்குப் போய், அங்கே "இந்த இயலை வாங்க" என்று விலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நூலகத்தில் இல்லை என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்று அந்தத் தளத்துக்கு எப்படித் தெரியும்? வளாகத்துக்குள் இருந்தால் ஐபி முகவரியை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டிலிருந்து என்றால் நூலகக் கேட்டலாகின் இணைப்பு வழியாகப் போக வேண்டும். அது உங்களை ப்ராக்ஸி என்ற நூலகத்தின் இடைவழிச் சர்வர் வழியாகவோ பல்கலைக்கழக லாகின் வழியாகவோ கூட்டிக்கொண்டு போகும். தளத்திலேயே "உங்கள் நிறுவனம் வழியாக நுழைக" என்று ஓர் இணைப்பும் இருக்கும். ஒரு நாளும் அந்த விலையைக் கட்டிவிடாதீர்கள், முதலில் நூலக வாசல் வழியாக ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நண்பருக்கு நூலை அனுப்பும்போதும் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே காப்பி செய்யாதீர்கள். அதில் உங்கள் அன்றைய லாகினின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும், மறுநாள் திறக்காது. நிரந்தர இணைப்பு என்று தளத்திலேயே தனியாக ஒன்று இருக்கும், அதைத்தான் அனுப்ப வேண்டும்.

சரி, இப்போது முடிவு. நாளை காலைக்கு ஓர் இயல் வேண்டும் என்றால் இன்று பகலிலேயே இயல் பிடிஎஃப். ஒரு தலைப்பில் என்னென்ன இருக்கிறது என்று மேய வேண்டும் என்றால் பிரவுசர் போதும், எதையும் இறக்க வேண்டாம். ஒரு நூலை முழுதாகப் படித்து அதோடு சண்டை போட வேண்டும் என்றால் அச்சுப் பிரதி, கூடவே தேடுவதற்கு மட்டும் மின்னூல். நெட் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் முழு இரவல், குறைந்த நாளுக்கு. வருடம் முழுக்க மேசையில் கிடக்க வேண்டிய நூல் என்றால் வாங்கிவிடுங்கள், தாளாக, பழைய பிரதியானாலும் பதிப்பு எத்தனையாவது என்று சரிபார்த்துக்கொண்டு. வகுப்பே ஒரு நூலைப் படிக்கப் போகிறது என்றால் பாடம் தொடங்கும் முன்பே நூலகருக்கு எழுதிவிட வேண்டும். எத்தனை பேர் கதவு மூடித் திரும்பினார்கள் என்ற கணக்கு தளத்திலிருந்து நூலகத்துக்குப் போகிறதுதான். ஆனால் கணக்கு பேசுவதைவிட ஆள் பேசினால் வேகம் அதிகம். எங்கள் 7ஆம் இயல் நூலுக்கு நானும் அந்த இன்னொரு கடைசி ராத்திரிக்காரரும் சேர்ந்து மூன்று வரி மெயில் அனுப்பினோம். இரண்டு நாளில் ஒருவர் லைசென்ஸ் மூவர் லைசென்ஸாகிவிட்டது.

படிப்பு முடிந்து வெளியேறப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் ஒரு வேலை செய்ய வேண்டும். கணக்கு மூடிய அன்றே மின்னூல்களும் மூடிவிடும். பழைய மாணவர்களுக்கு அனுமதி தரும் இடங்களிலும் அது சில தொகுப்புகளுக்கு மட்டும்தான். பலர் மறப்பது நூல்களைக்கூட அல்ல, தளத்துக்குள்ளேயே போட்டு வைத்த அடிக்கோடுகளையும் குறிப்புகளையும். அவை அந்தத் தளத்தின் கணக்கில்தான் இருக்கின்றன, உங்கள் கணினியில் இல்லை. அவற்றை மொத்தமாக வெளியே எடுக்கத் தளத்தில் வசதி இருக்கும்; இல்லாவிட்டால் உட்கார்ந்து காப்பி செய்ய வேண்டியதுதான். நான் இரண்டு வருடக் குறிப்புகளை ஒரே ராத்திரியில் அப்படி எடுத்தேன். அன்றைக்கும் மணி 11.30 தாண்டிவிட்டது.